இருநூற்றைம்பது பாகையிலிருந்து

ஸ்டீபன்வில்லில் மணி ஏழே முக்கால்.
நியூஃபவுண்ட்லாந்தின் கடிகாரத்திலும்
நம்முடையதைப் போல ஓர் அரை மணி ஒட்டிக்கொண்டிருக்கிறது.
டோரீன் பென்வா கொட்டகைக் கதவைத் தூக்குகிறாள்.
பலூன் அவள் தலைக்கு மேல் ஒருமுறை தடுமாறி
விளக்கின் வட்டத்தைத் தாண்டிப் போகிறது,
கயிற்றின் நுனியில் பால் பாக்கெட் அளவில் ஒரு கருவி
ஆடிக்கொண்டே.
கையுறையில் பனி. அவ்வளவுதான் விடைபெறல்.

மதியம் மூன்றரைக்கு
டீர் லேக் விமான நிலைய வாசலிலும் அவ்வளவுதான்.
லியோ பையை எடுத்துக்கொண்டான்.
ஹீட்டர் சத்தம் போடுகிறது, யாரையாவது கூப்பிடு, என்றான்.
இருபது நாள் அல்பெர்ட்டாவின் எண்ணெய் மணலில்,
எட்டு நாள் வீட்டில்.
பதினோரு வருடமாக இந்தக் கணக்கு.
டொராண்டோவுக்குப் போக மூன்றே முக்கால் மணி,
அங்கிருந்து வர மூன்றுக்கும் குறைவு.
அதே வானம், அதே விமானம்.
வீடு திரும்பும்போது மட்டும் அவன் சீக்கிரம் வருவது
அன்பினால் அல்ல என்று அவளுக்குத் தெரியும்.
அதை அளப்பதுதான் அவள் வேலை.

ஆற்றிடம்
எங்கே போகிறாய் என்று கேட்கிறோம்.
காற்றிடம் மட்டும் எங்கிருந்து வருகிறாய் என்று.
மேற்கிலிருந்து வருவதற்குக் கோடை என்று பெயரிட்ட மொழியில்
இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
வாடைக்கும் தென்றலுக்கும் கொண்டலுக்கும்
ஆளுயரம், பனையுயரம், மிஞ்சினால் மலையுயரம்.
பத்தாயிரம் மீட்டருக்கு மேலே
மைனஸ் ஐம்பத்தாறில்
புல் அசைக்காமல், கதவு அறையாமல்,
எவர் முகத்திலும் படாமல் ஓடும் இதையும்
கோடை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.
சொல்லிப் பார்க்கிறேன்.
பல் கூசுகிறது.

திரையில் எண்கள் ஏறுகின்றன.
ஆறு கிலோமீட்டரில் தொண்ணூறு நாட்.
எட்டில் நூற்று முப்பத்தைந்து.
தேநீரை மறந்துவிட்டாள்.
பத்தில்
இருநூற்றைம்பது பாகையிலிருந்து நூற்றுத் தொண்ணூற்றைந்து.
பின்னால் நின்ற கிளைட் கில்லிங்ஹம்
கருவி குடித்திருக்கிறது என்றான்,
இன்னொன்று விடலாமா?
பொறு என்றாள்.
பதினொன்றில் நூற்று எழுபது. பன்னிரண்டில் நூற்று நாற்பது.
பொய் இப்படிப் படிப்படியாக இறங்காது.

பழைய பழக்கத்தில் பென்சிலால் வரைகிறாள்:
ஒரு கோடு, அதன் வாலில் மூன்று முக்கோணக் கொடிகள்,
நான்கு முழு இறகு, ஓர் அரை இறகு.
விரல் நகத்தால் மறைத்துவிடலாம்,
மணிக்கு முந்நூற்று அறுபது கிலோமீட்டரை.

இனி கேண்டரில் யாரோ இதை எடுத்துக்கொள்வார்கள்.
லண்டன் போகும் விமானங்களை இதன் முதுகில் ஏற்றுவார்கள்;
ஐம்பது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்து
இன்னும் விழிக்காத ஓர் ஊருக்கு மேல்
அந்த ஐம்பது நிமிடத்தையும் வட்டமடித்தே செலவழிக்கும்.
அங்கிருந்து வருபவற்றை வடக்கே வளைத்து
கிரீன்லாந்துப் பனிக்கு மேலாக அனுப்புவார்கள்.
தெரிந்தவர் யாரும் இதோடு சண்டைக்குப் போவதில்லை.

நாலரைக்குக் கிளம்பிய சின்ன விமானத்துக்கு
அவள் எண் எட்டவில்லை.
ஜன்னலோரம், தொப்பியை முகத்தில் கவிழ்த்து,
தன் மேல் படவே படாத ஒன்றை எதிர்த்து
தூங்கிக்கொண்டிருந்திருப்பான் அவன்,
கீழே கியூபெக்கில் ஏதோ ஓர் ஊரின் விளக்குகள்
வெகுநேரம் நகராமல்.

ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது:
டொராண்டோல இறங்கியாச்சு. நாற்பது நிமிஷம் லேட். காத்து பலமாம்.

தெரியும் என்று அடித்தாள். அழித்தாள்.
195 என்று மட்டும் அனுப்பினாள்.

ஹீட்டருக்கா, என்றான்.
அவ்வளவா கேட்டான்?

கிளைட் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.
இருநூறு கிலோமீட்டர் கிழக்கே, முப்பதாயிரம் மீட்டர் உயரத்தில்
வீடளவு விரிந்திருந்த பலூன்
அப்போதுதான் கிழிந்தது.
கருவி இறங்கத் தொடங்கியது.
இறங்கும் வழியிலும்
அதே காற்று இருக்கிறது.