விதி எண் ஒன்பது

பதினோரு வருடம்
சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில்
இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை ஐந்து வரை
முகம் தெரியாத அமெரிக்க டாக்டர்களின் குரலைக்
காதில் மாட்டிக்கொண்டு
காலால் பெடலை மிதித்து மிதித்து
எழுத்தாக்கினேன்.
நான் ஜாக்கெட் தைக்கிறேன் என்றே நினைத்திருந்தார்
கீழ்வீட்டு பல்கீஸ்.

கம்பெனி கையேட்டில் விதி எண் ஒன்பது:
இருமல், பெருமூச்சு, செருமல்,
காகிதம் புரளும் ஓசை, மௌனம்
இவற்றைத் தட்டச்சு செய்யக் கூடாது.
செய்தால் வரிக்கு நாற்பது பைசா பிடித்தம்.

செய்யவில்லை.
கேட்காமல் இருக்கத்தான் முடியவில்லை.
ஒஹையோவில் ஒருவர்
கெட்ட செய்திக்கு முன்னால்
நாற்காலியை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளுவார்.
இன்னொரு டாக்டரம்மா
நோயாளி குழந்தை என்றால் மட்டும்
தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்துவார்.
இருவரும் எனக்கு வெறும் எண்கள்.
இன்றைக்கு வழியில் பார்த்தாலும் தெரியாது,
நாற்காலி நகர்ந்தால் தெரியும்.

பிறகு மென்பொருள் வந்தது.
என் எட்டு மணி நேரத்தை
டீ ஆறுவதற்குள் முடித்தது.
பொய் சொல்ல மாட்டேன்,
கமா வைப்பதில் என்னைவிடச் சுத்தம்.
ஆறு மாதம் அதன் பிழைகளைத் திருத்தினேன்.
திருத்தத் திருத்தப் பிழை தேய்ந்து,
திருத்த ஒன்றுமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை
ஹெட்போனைத் திருப்பிக் கேட்டார்கள்.

காட்பாடியில், ஓட்டல் ஹாலில், இலவசப் பயிற்சி:
இனி நமக்குச் சோறு போடப்போவது மனிதத் திறன்களாம்.
மே மாதத்தில் கோட்டு போட்டிருந்த ஒருவர்
பரிவுக்கு நான்கு படிகள் என்றார்.
மூன்றாம் படியில் கரண்ட் போனது.
நான்காவது என்ன என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது ஆஸ்பத்திரியில் இரண்டாம் எண் கவுன்டர்.
சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி.
டாக்டர் எழுதியதை
வந்தவரின் மொழியில் டேப்லெட் பேசும்.
வங்காளி, அசாமி, தெலுங்கு, எதுவானாலும்.
பட்டனை அழுத்த வேண்டியது பெர்சிஸ் ஆகிய நான்.

டோக்கன் நூற்றுப் பதினாறு.
முர்ஷிதாபாத்திலிருந்து சுபல் மண்டல், மனைவி ஆரதி.
அவள் புடவையில் கடுகெண்ணெய் வாசனை.
லாட்ஜ் அறையில் விடிவதற்குள்
மீன் பொரித்துவிட்டு வந்திருக்கிறாள்.
ரிப்போர்ட் அவளுடையது.
திரையில் அந்த வார்த்தை வந்து நின்றது.
பட்டன் மேல் என் விரல்.

நாற்காலி நகர்ந்தது.
ஒரு விரற்கடை.

நம்பிவிடாதீர்கள்.
போன வாரம் இப்படித்தான் ஒருவர் நகர,
நான் உருகிப்போய்த் தண்ணீர் கொடுத்து,
கடைசியில்
அவர் ஃபேன் காற்றுக்கு நகர்ந்தாராம்.

ஆனாலும் அழுத்தவில்லை.
அவருக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.
அப்படித்தான் நினைத்தேன்,
அவள் மூச்சை இழுத்து
பாதியில் நிறுத்தும் வரைக்கும்.
அந்தப் பாதி மூச்சு எனக்குப் பழக்கம்.
இரவு மூன்று மணிக்கு எத்தனை முறை கேட்டிருக்கிறேன்.
அவளுக்கும் தெரியும்.
அவள் அவரிடம் சொல்லவில்லை.

எனக்கு வங்காளி வராது.
வந்திருந்தாலும் சொல்ல என்ன இருக்கிறது?
காகிதத்தை அச்செடுத்து
இருவருக்கும் நடுவே வைத்தேன்.
பேனா விழுந்துவிட்டதுபோல்
மேசைக்கு அடியில் குனிந்தேன்.
அங்கே கேபிள்கள், ஒரு மாத்திரை உறை,
யாரோ தொலைத்த லாட்ஜ் சாவி.
மேலே
காகிதம் ஒருமுறை புரண்டது.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, அழுகையா சிரிப்பா என்று
இத்தனை வருட அனுபவத்துக்கும்
பிடிபடாத ஒரு சத்தம்.

எழுந்தபோது
ஒரே நாற்காலியில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.
பட்டனை அழுத்தச் சொல்லி
ஆரதிதான் சைகை காட்டினாள்.

மாலையில் மேற்பார்வையாளர் திரையைத் திருப்பிக் காட்டினார்:
டோக்கன் நூற்றுப் பதினாறு,
நான்கு நிமிடம் பத்து விநாடி, செயலின்மை.
காரணம் என்ன மேடம்?

பேனா தேடினேன் சார், என்றேன்.
அது கையிலேயே இருந்தது.