அரை நொடி

மணலியில் மூன்றாம் ஷிப்ட்.
விளக்கு ஒருதரம் சிமிட்டியது, அவ்வளவுதான்.
காண்டாக்டர்கள் எல்லாம்
டப்டப்பென்று கைவிட்டன.
ஜெனரேட்டர் இருமி எழுமுன்பே
திரும்பி வந்துவிட்டது கரண்ட்,
எங்கேயும் போகாதது மாதிரி.

"ஒண்ணொண்ணா போடு,
மொத்தமா போட்டா மறுபடி வுழும்"
பேனலிலிருந்து கத்துகிறாள் தெரேசா.
தண்ணீர் பம்ப்.
வேக்குவம்.
கடைசியில்தான் திருகு.
அதற்குள் பேரலில் பிவிசி பழுத்து
மூக்கை அறுக்கிறது நெடி.
பாதிக் குழாய் தொட்டிக்குள்
நாக்குத் தள்ளிக் கிடக்கிறது.

ஜன்னலில் அத்திப்பட்டுப் புகைபோக்கிகள்.
அவற்றின் சிவப்பு விளக்குகள் இமைக்கவேயில்லை.

ஓட்டம் சீரானபோது
மணி மூன்றே கால்.
நோட்டில் 'மின்தடை, நிமிடங்களில்' என்றொரு கட்டம்.
யோசித்துப் பார்த்து
சைபர் போட்டேன்.
அடுத்த கட்டம் கழிவு:
நூற்றுப்பத்து கிலோ.
அதை மட்டும்
மேலாளர் படிப்பார்.