பதினொரு பியூரெட்டுகள்

இருபத்திரண்டு பேர். பதினொரு பியூரெட்டுகள்.
வேறெந்த நல்லெண்ணமும் இல்லை அந்தப் பட்டியலில்.
ஸ்ரிங்கா, ஒக்னியென் என்று
எங்கள் பெயரையும் சேர்த்தெழுதிக் கதவில் ஒட்டிவிட்டுத்
தேநீர் குடிக்கப் போய்விட்டார் ஆய்வகப் பொறுப்பாளர்.

முதல் செவ்வாய்,
குடுவை, தாங்கி, துளிக்கணக்கு.
தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை.

இரண்டாம் செவ்வாய் அவன் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தேன்.
ஹைட்ரஜனை நான் வோதிக் என்பேன்.
அவன் வோதோனிக் என்று எழுதியிருந்தான்.
கூடுதலாய் ஓரசை, அவ்வளவுதான்.
அந்த ஓரசையை
எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்
அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிக் காட்டுவார்.
நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.
(அவர்கள் வீட்டிலும் ஒரு மூக்கு இருந்திருக்கும்.
நான் கேட்கவில்லை.)

நல்லிணக்க வாரம் வந்தது.
அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீருமாம்,
இரண்டு கைகள் குலுக்கும் படத்தோடு
படிக்கட்டு முழுக்கச் சுவரொட்டி.
"இதில் அமிலம் யார்?" என்றான் ஒக்னியென்.
நான் சிரித்த சிரிப்பில்
பிப்பெட்டை விட்டுவிட்டேன். உடைந்தது.
விலையைப் பாதிப் பாதியாகக் கட்டினோம்.

அளவைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும்.
மேலிருந்து பார்த்தால் பிழை.
கீழிருந்து பார்த்தாலும் பிழை.
ஆகவே இருவரும் குந்தினோம், தலையோடு தலை முட்ட.
அவன் சட்டையில் வறுத்த மிளகாய் வாசனை.
எங்கள் வீட்டுச் சமையலறையின் அதே வாசனை.

பிறகு சாவா ஆற்றுப் பாலத்தில் ஒரு சனிக்கிழமை.
என் தோழிகள் நால்வர், நான் ஐந்தாவது.
எதிரே வந்தவன் கையை உயர்த்தினான்,
"ஸ்ரிங்கா!"
"யாரடி அது?" என்றாள் யெலேனா.
"தெரியாது."
பொய்யைச் சொல்ல
ஒரு துளி நேரம்கூடப் பிடிக்கவில்லை எனக்கு.

அடுத்த செவ்வாய் நான் போனபோது
பியூரெட் கழுவி நிரப்பப்பட்டிருந்தது.
குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாள்.
என்னைப் பார்க்கவில்லை அவன்.
கடைசித் துளி விழுந்து
விரல் நகத்தின் நிறம் பரவியது திரவத்தில்.
அந்த நிறம் முப்பது வினாடி நிற்க வேண்டும்.
நின்றால்தான் கணக்கு.

"அன்றைக்குப் பாலத்தில்..."
"எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்றான்.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.
"நின்றுவிட்டது" என்றான்.
அளவைக் குறித்துவிட்டு, பேனாவை மூடாமலே,
"என் கூட்டத்தோடு நான் வந்திருந்தால்
உன்னைக் கூப்பிட்டே இருக்க மாட்டேன்" என்றான்.
மன்னிப்பா இது, வாக்குமூலமா?
எதுவானாலும் குடுவையை நான்தான் கழுவினேன்.

அன்றிரவு அவரைச் சூப் பரிமாறியபடி
தம்பியின் வீட்டுப்பாடத்துக்கு உதவினேன்.
தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டான்.
"வோதோனிக் இரண்டு பங்கு..."
வாய் தவறி வந்துவிட்டது.

கரண்டிகள் நின்றன.
தம்பியின் கை பழக்கத்தில் மூக்குக்குப் போயிற்று.
யாரும் சிரிக்காததால் அங்கேயே இருந்தது,
எதற்கு வந்தோம் என்று தெரியாததுபோல்.

"எங்கே பிடித்தாய் இந்தச் சொல்லை?"
"ஆய்வகத்தில். ஒக்னியென் சொல்வான்."
"அவனை உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அப்பா வெகுநேரம் சூப்பைக் கிளறினார்.
பிறகு, உப்பை இப்படி நகர்த்து என்றார்,
வேறொன்றும் சொல்லாமல்.