அறுபத்து மூன்று வீதம்

வாயின் உயரம் கூண்டின் உயரத்தில்
அறுபத்து மூன்று வீதம் இருக்க வேண்டுமாம்.
லிமசோலிலிருந்து வந்த உன் குரல் பதிவில்
பின்னால் தட்டுகள் மோதுகின்றன,
யாரோ உன் பெயரைப் பிழையாகக் கூப்பிடுகிறார்கள்.
கூடினால் சூடு ஓடிப்போகும், கிளாடிஸ் சொல்கிறாய்,
குறைந்தால் நெருப்புக்கு மூச்சு முட்டும்.

தண்ணீர்த் தாங்கியடியில்தான் சிக்னல்.
நின்று மூன்று தரம் கேட்டேன்.
பதினாறு அங்குலத்துக்கு எவ்வளவு?
தர்மினி கொப்பியின் பின்மட்டையில்,
உன் ஒப்பந்த நாட்களைக் கோடு கோடாய் வெட்டிவரும்
அதே மட்டையில், கணக்குப் போட்டாள்.
பத்து என்றாள். பிறகு,
பத்தும் ஒரு கொஞ்சமும்.
அந்தக் கொஞ்சத்தை என்ன செய்வதென்று சொல்லவில்லை.

ஏழு பேர்ச்சஸில்
லீக்ஸ் இரண்டு பாத்தி, கோழிக்கூடு,
நீ நட்ட மரத்தக்காளி.
மிச்சத்தில் இது.

மூடிய ஃபேக்டரியில் அடுப்பைப் பிரித்தபோது
இரும்பை வாங்கியவன் நெருப்புக்கல்லை விட்டுப்போனான்.
முப்பத்தாறு கல், ஆட்டோவில் மூன்று நடை,
வாட்சருக்கு ஒரு போத்தல்.
கடைசி நடையில் கிளட்ச் கேபிள் அறுந்தது.
இதை உனக்குச் சொல்லவில்லை.

மார்ச்சில் மவுஸ்ஸாக்கலை வற்றிக் கிடந்தது.
இறங்கிக் களி வெட்டினேன்.
மானாப்புல்லை நறுக்கிப் போட்டு மிதித்தபோது
ஒரு கோப்பையின் கைப்பிடி காலில் குத்தியது.
தண்ணீருக்குள் போன டவுனில் யார் குடித்த பிளேன்டீயோ.
எறிய மனமில்லை, வைக்க இடமில்லை,
மண்ணோடு மண்ணாய் அப்பிவிட்டேன்.

ஈர மணலைக் குவித்து
நனைத்த பேப்பர் ஒட்டி
அதன்மேல் களி.
நாய்க்கு வீடா, என்றார் பழனியாண்டி பாஸ்.
அந்தியில் யாரோ புற்றென்று நினைத்து
மஞ்சள் தடவி ஒரு முட்டை வைத்துப் போயிருந்தார்கள்.
காலையில் பொரித்துச் சாப்பிட்டோம்.

அவசரம் எனக்கு.
மூன்றாம் நாளே மணலைத் தோண்டினேன்.
ஏப்ரல் மழை வேறு.
சத்தமே இல்லை, சாணி விழுந்த மாதிரி
உள்ளுக்குள் உட்கார்ந்தது.
இதையும் சொல்லவில்லை.
நீ கேட்டாய், காய்கிறதா?
காய்கிறது, என்றேன்.

இரண்டாவது கூண்டுக்குப் பதினொரு நாள்.
கொழுந்துச் சாக்கு மூடி, படங்கு மூடி,
கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலார் பொறுக்கி
ஒரு கைப்பிடி, ஒரு கைப்பிடியாய்
தினமும் குட்டி நெருப்பு.
விரல் அகலத்தில் ஒரு வெடிப்பு வந்தது.
களி பூசினேன். பக்கத்தில் இன்னொன்று வந்தது.
அதை விட்டுவிட்டேன்.

இந்தக் குளிரில் மா பொங்க மாட்டேன் என்றது.
தர்மினி சட்டியைப் போர்வைக்குள் இழுத்து
அணைத்துக்கொண்டு படுத்தாள்.
விடியும்போது மாவு மூடியைத் தள்ளியிருந்தது,
போர்வையிலும் கொஞ்சம், முடியிலும் கொஞ்சம்.

முக்கோணச் சீஸ் எட்டுத் துண்டு,
டின்மீன், லீக்ஸ், கொச்சிக்காய்.
கழுவிய சவலால் தள்ளினேன்.
ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை மா.
திருப்ப வேண்டும் என்று நீ சொன்ன பதிவை
அப்போதுதான் கேட்டேன்.

ரொட்டிமேல் கறியை ஊற்றிச் சுட்டால் இவ்வளவுதானே,
என்றார் பழனியாண்டி பாஸ்.
என்றவர் அடுத்ததற்கும் நின்றார்.
அடுத்தது வட்டமாய் வந்தது, ஏறக்குறைய.
தர்மினி உனக்கென்று ஒரு துண்டை எடுத்து
ஃபோனுக்கு முன்னால் பிடித்தாள்.
வீடியோ பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது.
துண்டு ஆறியது. அவளே தின்றாள்.

நடுச்சாமம் தாண்டி உன் செய்தி:
வாய் எத்தனை?
பத்து.
கொஞ்சத்தை விட்டுவிட்டாயா?
விட்டுவிட்டேன்.
சரி, என்று போட்டாய். பிறகு ஒன்றும் வரவில்லை.

விடியற்காலை எழும்பிப் போனேன்.
லீக்ஸ் பாத்தியில் பனி.
கையை உள்ளே நீட்டி
ஐந்து எண்ணுவதற்குள் இழுத்துக்கொண்டால் பிட்சாச் சூடு,
முப்பது தாங்கினால் பாணுக்குச் சரி,
என்று நீ சொல்லியிருக்கிறாய்.
கையை வைத்தேன்.
ஐந்து. முப்பது. நூறு.
மட்டையில் வெட்டாத கோடுகள் நானூற்றுப் பன்னிரண்டு.
அவ்வளவும் எண்ணினேன்.
கல் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது.

பின்னால் நாய் உறுமியது.
தள்ளி நின்று வழி விட்டேன்.