கழித்தது போக

விவாகரத்துப் பத்திரத்தில் அதற்கு ஒரே வரி:
யமஹா 650, எழுபத்தெட்டாம் வருடம், ஓடாது.
படகு வெண்டலுக்கு.
ஓடாதது எனக்கு.

டுலூத்தில் நவம்பரிலேயே ஏரி புகையத் தொடங்கிவிடும்.
கராஜில் ஒரு கேஸ் ஹீட்டர்.
முன்பக்கம் வேகும், முதுகு விறைக்கும்.
அப்படியே திரும்பித் திரும்பி நின்று
ஸ்பேனர் பிடித்தேன் அந்தக் குளிர்காலம் முழுக்க.

பாபர் கட்டுவது என்றால்
எதையாவது சேர்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன்.
இல்லை. கழற்றிக்கொண்டே போவது.
இனி எதைக் கழற்றினாலும் விழுந்துவிடும் என்கிற இடத்தில்
நிறுத்திக்கொள்வது.

குளியலறைத் தராசைக் கொண்டுவந்து போட்டேன்.
என் எடையைப் பார்த்துப் பார்த்துச் சலித்த தராசு.
முன் மட்கார்டு, இண்டிகேட்டர் நான்கு,
சென்டர் ஸ்டாண்டு மூன்று கிலோ,
எலி ஒன்று குடித்தனம் நடத்திய ஒயர்க் கற்றை
எலி நீங்கலாக ஒன்றே கால்.
நிறுத்து நிறுத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன்.
ஸ்டார்ட்டர் மோட்டாரையும் விடவில்லை.
கால் இருக்க மோட்டார் எதற்கு?
நாலரைக் கிலோ.
அந்தத் திமிரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிரிட்டா நீமி துறைமுகத்தில் கப்பல் வயிறு ஒட்டுபவள்.
கூலி: புகைபோட்ட மீன், இரண்டு டஜன் பீர்.
பின்சீட்டுக்கு அடியில் சேசிஸ் வளைகிற இடத்தில்
கோடு கிழித்தாள்.
கிரைண்டரை என்னிடம் நீட்டினாள்.
"வண்டி உன்னுது. நீயே வெட்டு."

வெட்டினேன்.
பொறி என் கையுறை, சட்டை, அவள் பீர் எல்லாவற்றிலும் விழுந்தது.
இரும்பு வளையம் சிமெண்டுத் தரையில்
லாடம்போல ஆடி ஆடி அடங்கியது.

பதினொரு கோடை அதன்மேல்தான் உட்கார்ந்து போனேன்.
ஏரியை அவன் தோளுக்கு இந்தப் பக்கம் ஒரு பாதி,
அந்தப் பக்கம் ஒரு பாதியாகப் பார்த்தேன்.
ஒருமுறை சாலையில் ஒரு மான். எனக்கு வால் மட்டும்.

"நிறுக்கலையா?" என்றாள் பிரிட்டா.
நிறுத்தேன்.
இரண்டு கிலோ நூறு கிராம்.
அவ்வளவுதானா என்றிருந்தது.

பின்னால் ஷாக் இல்லாத விறைத்த சேசிஸை அவள் ஒட்டிக் கொடுத்தாள்.
ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டை நான் பூட்டினேன்.
கார்புரேட்டரை மூன்று தடவை கழுவினேன்,
இரண்டு தடவை தப்பாக மாட்டினேன்.
மே மாதம், பதினேழாவது உதையில்
கிக்கர் திருப்பி என்னை உதைத்தது;
பதினெட்டில் உயிர் வந்தது.

ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்:
தார் போட்டவன் எங்கெல்லாம் ஏமாற்றினான் என்று
முதுகெலும்பு ஒவ்வொரு குழியாகப் படித்துச் சொல்லும்.

தூக்குப்பாலத்தில் தாதுக் கப்பலுக்காக நிற்கும்போது
எஞ்சின் அணைந்தது.
கிக்கரின் பல் தேய்ந்து வெறுமனே சுற்றியது.
கப்பல் போனது, பாலம் இறங்கியது,
பின்னால் ஹார்ன்.
மூன்றாவதாக நின்ற டிரக்கிலிருந்து இறங்கி வந்தவன்
வெண்டல்.

"மார்லிஸ்! அட, என்ன வண்டி இது!"
குந்தி உட்கார்ந்தான்.
இடதுபக்க எஞ்சின் மூடியில் ஒரு வெட்டுத் தழும்பு,
ஜல்லியில் அவனே போட்டு விழுந்தது.
அதைக் கட்டை விரலால் தடவிக்கூடப் பார்த்தான்.
"எங்க வாங்கின?"

"கிக்கர் போச்சு," என்றேன். "தள்ளு."

பிடிக்க இடம் தேடினான்.
என் பெல்ட்டைப் பிடித்தான், சட்டென்று விட்டான்,
டயருக்கு மேல் மிஞ்சியிருந்த
ஒரு சாண் தகரத்தில் கை வைத்தான்.
இரண்டாவது கியர்.
அவன் மூச்சு வாங்குவது கேட்டது, பூட்ஸ் வழுக்குவது கேட்டது.
கிளட்சை விட்டேன்.

பிடித்துக்கொண்டது.

ஐட்லிங் இன்னும் சரியாக வைக்கவில்லை,
நின்றால் அணைந்துவிடும்.
இடது கையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.
பாலத்தின் கம்பித் தளம் டயருக்கடியில் ரீங்கரித்தது,
ஏரி முழுசாக இருந்தது.

கண்ணாடியில் அவனைப் பார்த்திருப்பேன்.
கண்ணாடி இரண்டும் கராஜ் சுவரில் இருக்கின்றன,
ஜோடி அறுநூறு கிராம்.