பதினோராம் கட்டம்

சித்திரையில் ஒரு சோதனை வந்தது.
அதிலிருந்து என் மேசையில் இந்தப் படிவம்.
சிவகங்கைக் கலால் அலுவலகத்துக்கு மூன்று பிரதி;
நான்காவதில் தேநீர்க் கறை.

பெயர்: புதுவயல் மாலைநேர மனமகிழ் மன்றம்.
நோக்கம்: இறகுப்பந்து, கேரம், சீட்டு, செய்தித்தாள்.
வலையை எலி தின்று ஐந்து வருடம் ஆகிறது.
நோக்கத்தில் இருக்கலாம் என்றார் வக்கீல்.

முன்னெழுத்துக்கு இரண்டே கட்டம்.
பெ.லெ.சித.மெ. தெய்வராயன்
எந்த ஐயாவை விடுவது என்று
ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தார்.
ஊருணி வெட்டியவரை வைத்துக்கொண்டு
கடன் வைத்தவரை விட்டார்.

அப்புறம் தூரம்.
நில அளவையர் நாடாவை இழுத்தார்
வாசலிலிருந்து முக்குப் பிள்ளையார் வரை.
மூன்று மீட்டர் குறைந்தது.
பிள்ளையார் நகர மாட்டார்,
வாசல் நகர்ந்தது.
முன்கதவுக்குச் செங்கல் வைத்துப் பூசிவிட்டு
அரிசி ஆலைச் சந்தில் திறந்தோம்.
இனி யார் வந்தாலும்
முழங்கால் வரை தவிட்டோடுதான் வர வேண்டும்.

கட்டணம்:
விண்ணப்பத்துக்கு ஒன்று, உரிமத்துக்கு ஒன்று,
வருடா வருடம் புதுப்பிக்க ஒன்று,
இதையெல்லாம் ஒழுங்காகக் கட்டுவோம் என்று
முத்திரைத்தாளில் எழுதித்தர ஒன்று.
முப்பத்தொரு வருடம் வங்கிக் காசாளன் நான்.
கூட்டி, தலைக்கு வகுத்து,
ஒரு பெக்குக்கு இறக்கிப் பார்த்தேன்.
டாஸ்மாக்கில் வாங்கிக்கொண்டு
காரைக்குடி வரை ஆட்டோவில் போய்
அங்கே எதையாவது மறந்துவிட்டு
மறுபடி ஆட்டோவில் போனாலும் மிச்சம்.
"உக்காந்து குடிக்கிற மரியாதைக்கு
ஒரு வெல வேணாமா?" என்றார் மில் அடைக்கப்பன்.

மரக்கடை ஹனீபா தொட்டதே இல்லை.
அவர் கையெழுத்தும் வேண்டும். போட்டார்,
பக்கத்திலேயே "எண்ணிக்கைக்கு மட்டும்" என்று எழுதினார்.
வெள்ளை மை தடவி அழித்தோம்.

பதினோராம் கட்டம்:
உயிருடன் உள்ள, சந்தா பாக்கியில்லாத உறுப்பினர்கள்.

பேரேட்டில் எழுபத்திரண்டு.
பதினான்கு பேருக்கு நானே மாலை வாங்கிப் போயிருக்கிறேன்,
ரசீது இருக்கிறது.
ஒன்பது பேர் சந்தாவை மறந்தவர்கள்,
அதில் இருவர் எங்களையும்.
கோலாலம்பூரில் நான்கு பேர் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார்கள்.
எப்படிக் கூட்டினாலும் நாற்பத்தொன்பது.
வேண்டியது ஐம்பது.

அப்போதுதான் எல்லோரும் திரும்பினோம்.
சவரியப்பன் சோடா உடைத்துக்கொண்டிருந்தான்.
இருபத்தேழு வருடமாக
பையில் ஒளிந்து வந்த பாட்டில்களைக்
கணக்கில் வராத டம்ளர்களில் ஊற்றியவன்,
யார் எத்தனையாவதில் அழுவார் என்று அறிந்தவன்.

பெயரை எழுதினேன்.
முன்னால் "திரு" அச்சிலேயே இருந்தது.
எழுதி முடித்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார்.

துணைவிதி ஏழு சொல்கிறது:
மன்றத்தில் ஊதியம் பெறுவோர்
உறுப்பினர் ஆகலாகாது.
"ஒரு ராஜினாமா, பேருக்கு" என்றார் அடைக்கப்பன்.
"லைசென்ஸ் வந்ததும் பாத்துக்கலாம்."
நான்தான் தட்டச்சு செய்தேன்.
சொந்தக் காரணங்களுக்காக என்று.

வாசித்தார்.
இரண்டாம் முறையும் வாசித்தார், விரல் வைத்து.
"சந்தா எவ்வளவு சார்?"
சொன்னேன்.
தெரியாமல் கேட்கவில்லை; வீடு வீடாகப் போய்
அதை வசூலித்ததே அவர்தான்.
"பொதுக்குழுல கை தூக்கச் சொல்வீங்கள்ல,
அன்னைக்கு என் கையும் சேத்தியா?"
சேர்த்தி என்றேன்.
கடிதத்தை நாலாக மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
கையெழுத்துப் போடவில்லை.
போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி கடைசி.

இன்று சாயங்காலம் ரம்மி நடுவில்
சோடா வேண்டி அடைக்கப்பன் கையைத் தூக்கினார்.
வாடா என்பதா, வாங்க என்பதா என்று
வாய் ஒரு கணம் தடுமாறியது.
பிறகு ஏதோ ஈயை விரட்டியதுபோல்
இறக்கிக்கொண்டார்.