பத்து வினாடி

குட்டாய்சியில் பிப்ரவரி.
மூன்றாம் மாடி, ஒரே மேசை, ஒரே கணினி.
உரிமைக்காரர் இருவர்:
நான், என் தங்கை எத்தேரி.

பழையதைத் தொடாதே என்றேன்.
டயர் கடைக் கணக்கு அதில் மட்டும்தான் ஓடும்,
யார் எவ்வளவு பாக்கி, எந்த வேனுக்கு எத்தனை பஞ்சர்,
பதினொரு வருடம்.
தொடமாட்டேன், பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடு என்றாள்.
அவள் பறவைக் குரல் சேர்ப்பவள்.
அதற்கான மென்பொருள்
லினக்ஸில்தான் சொன்னபடி கேட்குமாம்.

ஒரே உறைக்குள் இரண்டு கத்தியா?
உறை பெரிசு அண்ணா, ஐந்நூறு ஜிபி.
உன் கத்தி தொண்ணூறுகூட இல்லை.

பாகப்பிரிவினை ஞாயிறு மாலை நடந்தது.
பத்திரம் இல்லை, சாட்சி இல்லை.
திரையில் நீளமாக ஒரு பட்டை, இழுக்க ஒரு கோடு.
அவள் இடப்பக்கம் இழுத்தாள்.
நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன்.
முந்நூறு எனக்கு, இருநூறு அவளுக்கு என்று நின்றது.

கணக்கை நகல் எடுத்து வைத்தாயா?
வைத்தேன்.
எங்கே?
இதிலேயேதான், வேறு ஃபோல்டரில்.
ஒன்றும் பேசாமல்
தன் சாவிக்கொத்திலிருந்து ஒரு பென்டிரைவைக் கழற்றினாள்.

நாற்பத்தொரு சதவீதத்தில்
கீழ்வீட்டு முர்மன் ஹீட்டரைப் போட்டான்.
விளக்கு ஒருமுறை சுருங்கி விரிந்தது.
அந்த அரை வினாடியில்
பதினொரு வருடப் பாக்கிக்காரர்கள் அத்தனை பேரும்
சிரித்துக்கொண்டே ரியோனிப் பாலத்தைக் கடந்தார்கள்.
பட்டை நின்றது.
நகர்ந்தது.
எத்தேரி படியிறங்கிப் போய் என்ன சொன்னாளோ,
அன்றிரவு முர்மன் கோட்டோடு தூங்கினானாம்.

இப்போது பொத்தானை அழுத்தினால்
கறுப்புத் திரையில் இரண்டு வரி.
மேலே அவள், கீழே நான்.
பத்து வினாடி பொறுக்கும்.
யாரும் வாய் திறக்காவிட்டால் அவளைத் திறக்கும்.
பாகப்பிரிவினையில் இந்தப் பேச்சே வரவில்லை.

சண்டை கடிகாரத்தால் வந்தது.
அவள் பக்கம் உலக நேரத்தை எழுதி வைக்கிறது,
என் பக்கம் அதையே ஊர் நேரமென்று படிக்கிறது.
நடுவில் நான்கு மணி நேரம் காணோம்.
போனில் சார்ஜ் செத்த ஒரு மழைநாள் காலை
கணினியைப் போட்டேன்: மணி ஐந்து.
நல்லதாகப் போயிற்று என்று திரும்பப் படுத்தேன்.
கடை வாசலில் மூன்று கார்கள்
ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தன.
அவள் ஒரே வரி எழுதிச் சரிசெய்தாள்.
மன்னிப்பு அந்த வரியில் இல்லை.

இன்னொன்று.
அவள் பக்கத்திலிருந்து என் பாகம் முழுசாகத் தெரியும்,
முர்மனின் இரண்டு குளிர்கால டயர் பாக்கி வரை.
என் பக்கத்திலிருந்து அவள் பாகம்
பெயரில்லாத வெற்றிடம்.
தொட்டால்,
இதைப் பயன்படுத்த முதலில் அழிக்க வேண்டும், அழிக்கவா என்று
மரியாதையாகக் கேட்கிறது.
வேண்டாம் என்று அழுத்திவிட்டுக்
கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே மாதம் ஒரு நாள், அடுப்பில் காபி பொங்கியது.
ஓடிப் போய் இறக்கிவிட்டு வருவதற்குள்
பத்து வினாடி முடிந்திருந்தது.
அவள் வாசல். கடவுச்சொல் கேட்டது.
அடியில் ஒரு குறிப்பு: அண்ணன் தினமும் கத்துவது.
ஒன்று ஒன்பது ஐந்து, அறுபத்தைந்து, பதினைந்து என்று அடித்தேன்,
அதிகம் விற்கும் டயரின் அளவு.
திறந்தது.

கொம்புச் சிற்றாந்தை, பால்கனி, ஏப்ரல் 27, அதிகாலை 3.10.
ஓடவிட்டேன்.
ஒற்றை விசில். இருட்டு. மறுபடி ஒற்றை விசில்.
இடையிடையே அடியில் ஏதோ,
காற்றிறங்கிய டயரைச் சரளையில் இழுப்பதுபோல.
இது எந்த மிருகம் என்று ஒலியைக் கூட்டினேன்.
பிறகுதான் அவள் எழுதியிருந்ததைப் படித்தேன்:

பின்னணியில் அண்ணன். நீக்கவில்லை.

இரண்டாம் முறை ஓடவிட்டேன்.
கடை அன்றும் தாமதம்.